சஸ்பென்ஸ் கணக்கு

கோடநாட்டை வைத்து ஒரு நாவல் எழுதலாமே என்று இதுவரை நான்கு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். நால்வரும் எழுதுகிறவர்கள். அவர்களில் ஒருவர் கவிதையைத் தவிர வேறெதையும் மதிக்காதவர். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை கோத்தகிரியில் இருக்கிறது. கோடநாடு அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குள். கைக்கெட்டும் தூரத்தில் இத்தனை பெரிய கதையை வைத்துக்கொண்டு மற்றவர்களுடைய புத்தகங்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது இவர்களுடைய குறை. "எல்லாம் தயாராக இருக்கிறது, எழுத வேண்டியதுதான் பாக்கி" என்றார் கவிஞர். கதை தயாராக இருக்கிறது என்ற இந்த எண்ணம்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதைத் தயாரித்தது யார்?

முதலில், பதிவில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 900 ஏக்கர் தேயிலைத் தோட்டம். நடுவே ஒரு பங்களா. 1990களின் தொடக்கத்தில் ஜெயலலிதா, சசிகலா தரப்புக்குக் கைமாறிய சொத்து. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது மாதக்கணக்கில் இங்கே வந்து தங்கியதுண்டு. கோப்புகள் மலையேறி வந்தன. 2016 டிசம்பர் 5 அன்று அவர் இறந்தார். சொத்துக் குவிப்பு வழக்கில் 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்ய, சசிகலா பெங்களூர் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார். ஆக, அந்த ஏப்ரலில் எஜமானர் என்று சொல்ல எஸ்டேட்டில் யாருமில்லை. காவலாளிகள் இருந்தார்கள். ஏப்ரல் 23 இரவுக்கும் 24 விடியலுக்கும் இடையில் ஒரு கும்பல் உள்ளே புகுந்தது. நேபாளத்திலிருந்து பிழைக்க வந்த காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார். இன்னொருவர் காயத்தோடு தப்பினார். பங்களாவிலிருந்து போனவை என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டவை சில கைக்கடிகாரங்களும் ஒரு ஸ்படிகக் காண்டாமிருகப் பொம்மையும்.

ஏப்ரல் 28 அன்று, முக்கியமாகத் தேடப்பட்ட முன்னாள் ஓட்டுநர் சேலம் மாவட்டம் ஆத்தூர் அருகே மோட்டார் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தார். மறுநாள் பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு குற்றம் சாட்டப்பட்டவரின் கார் விபத்துக்குள்ளானது. அவர் பிழைத்துக்கொண்டார், மனைவியும் சின்னப் பெண்ணும் இறந்தார்கள். ஜூலையில், எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த இளைஞர் தம் வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டார். மூன்று மாதத்துக்குள் ஐந்து உயிர்கள்.

பிறகு நடந்தது வழக்கு. பத்துப் பேர் மீது உதகையில் வழக்கு நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். 2019 ஜனவரியில் பத்திரிகையாளர் மேத்யூ சாமுவேல் டெல்லியில் ஒரு வீடியோவை வெளியிட்டார். அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியைச் சம்பந்தப்படுத்திக் குற்றம் சாட்டப்பட்டவர்களே அதில் பேசினார்கள். அவர் மறுத்து, மானநஷ்ட வழக்குப் போட்டார். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1.10 கோடி ரூபாய் நஷ்ட ஈடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. இடையில் ஆட்சி மாறி, 2021இல் மேல்விசாரணை தொடங்கியது. அந்த ஆகஸ்டில் சட்டசபையில் இதற்காக வெளிநடப்பு. ஓட்டுநரின் மரணத்தையும் ஆபரேட்டரின் மரணத்தையும் போலீசார் மறுபடி கிளறினார்கள். 2022 ஏப்ரலில் சசிகலாவிடம் இரண்டு நாள் விசாரணை. அதே வருஷம் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. 2025லும் உதகை நீதிமன்றத்தில் அது வாய்தாவிலிருந்து வாய்தாவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லும்போது என்ன ஆகிறது என்று கவனிக்க வேண்டும். "ஏப்ரல் 28 அன்று", "மறுநாள்", "ஜூலையில்" என்று தேதிகளை மட்டும்தான் எழுதினேன். காரணம் என்று ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. இருந்தும் படிக்கிறவர் மனசில் ஒரு கை வந்துவிடுகிறது, இருட்டில் நின்று ஒவ்வொருவராகத் துடைத்துப்போடும் ஒரு கை. அந்தக் கையை நான் எழுதவில்லை. வரிசை எழுதியது. வரிசையாகச் சொல்லப்படும் எதையும் காரண காரியமாகப் படித்துவிடும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. பத்திரிகைகள் "கோடநாடு தொடர் மரணங்கள்" என்று எழுதின. வாய்ப்பேச்சில் அது சீக்கிரமே "தொடர் கொலைகள்" ஆகிவிட்டது. அரசாங்கக் காகிதத்தில் கொலை என்று முதலில் பதிவானது ஒன்றுதான், காவலாளியுடையது. மற்றவை விபத்து, தற்கொலை என்று பதிவாகி, அந்தப் பதிவு சரியா என்ற கேள்வியோடு நிற்பவை. "தொடர்" என்ற சொல்லை நாம் எங்கிருந்து எடுத்தோம்? தொடர்கதையிலிருந்து என்று சொல்லத் தோன்றுகிறது.

இங்கே என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வங்கியில் சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. வெளியில் இருப்பவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரு பற்று வந்துவிட்டது. பணம் போனது நிஜம். ஆனால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. அதற்காகப் புத்தகத்தை மூடாமல் வைக்க முடியாது. அந்தப் பற்றைத் தேதியோடும் தொகையோடும் சஸ்பென்ஸில் வைப்போம். சரியான தலைப்புத் தெரியும் வரை அது அங்கேயே இருக்கும். எத்தனை நாளாக நிற்கிறது என்று ஆடிட்டர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார். பதில் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கில் செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, பழையதாகிவிட்டது, யாரும் கேட்கவில்லை என்று தள்ளுபடி செய்துவிடுவது. அதற்கு அதிகாரம் உள்ளவர் கையெழுத்து வேண்டும். இன்னொன்று இதைவிட ஆபத்தானது. 4,500 ரூபாய்க்கு ஒரு பற்று நிற்கிறது. வேறொரு பக்கத்தில் அதே 4,500க்கு ஒரு வரவு நிற்கிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று அடித்துவிட்டால் பட்டியல் சுத்தமாகிவிடும். தொகை ஒன்றாக இருக்கிறதே, தேதிகூடக் கிட்டத்தட்ட இருக்கிறதே என்று ஆசை வரும். இப்படி அடித்த ஒரு பதிவு, வேறு வேறு ஊரில் இருந்த இரண்டு பேருடைய பணம் என்று பின்னால் தெரியவந்ததை, நான் முன்பு இருந்த கிளையொன்றில் பார்த்திருக்கிறேன். அப்புறம் அதைப் பிரித்தெடுக்க எட்டு மாதம் ஆயிற்று. அடிக்காமல் விட்டிருந்தால் இரண்டும் தெளிவாக நின்றிருக்கும்.

கோடநாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. விபத்து விபத்துதான், தற்கொலை தற்கொலைதான், விட்டுத் தள்ளுங்கள் என்பவர்கள் தள்ளுபடி செய்கிறார்கள். ஐந்தும் ஒன்றே என்பவர்கள் பதிவுகளை ஒன்றோடொன்று அடிக்கிறார்கள். யார் எப்போது எந்தக் கட்சியில் நிற்பார்கள் என்பதை ஆட்சி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடலாம். அது அரசியல்வாதிகளின் விஷயம். எழுதுகிறவர்களும் அதே இரண்டு வழிகளுக்குள்தான் யோசிக்க வேண்டுமா என்பது என் கேள்வி.

போர்ஹேஸ் 1942இல் எழுதிய "மரணமும் திசைகாட்டியும்" கதை இந்த வட்டத்தில் பலர் படித்ததுதான். ஓட்டல் அறையில் ஒரு யூத அறிஞர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். எதிர் அறையில் விலையுயர்ந்த நீலக்கற்களுக்குச் சொந்தக்காரர் தங்கியிருக்கிறார். திருடன் அறை மாறிப் புகுந்திருக்கிறான், அவ்வளவுதான் என்கிறார் இன்ஸ்பெக்டர். துப்பறிபவனுக்கு இது சப்பென்று இருக்கிறது. செத்தவர் மத அறிஞர். ஆகையால் விளக்கமும் மதத்திலிருந்து வர வேண்டும் என்று நினைக்கிறான். அவனுடைய எதிரி இதைத் தெரிந்துகொண்டு, அடுத்தடுத்த சம்பவங்களை அவன் விரும்பும் கோலத்திலேயே வரைந்து கொடுத்து, கடைசிப் புள்ளியில் அவனுக்காகக் காத்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் சொன்னதுதான் சரி. கோலம் வாசகனுடைய ஆசையிலிருந்து பிறந்தது.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போவது ட்யூரன்மாட் 1958இல் எழுதிய "வாக்குறுதி". துப்பறிவாளர் தம் தர்க்கத்தை வைத்து, கொலைகாரன் இந்தச் சாலை வழியாகத்தான் வருவான் என்று ஒரு பெட்ரோல் பங்கை எடுத்து நடத்திக்கொண்டு காத்திருக்கிறார். வருஷங்கள் போகின்றன. அவன் வரவில்லை. இவர் பார்வை மங்கி, குடித்து, அழிந்துபோகிறார். ஆனால் தர்க்கத்தில் பிழையில்லை. கொலைகாரன் அந்த வழியாக வந்துகொண்டிருந்தவன்தான். வழியில் கார் விபத்தில் இறந்துவிட்டான். துப்பறியும் கதைக்கு அஞ்சலி என்று அந்த ஆசிரியரே அந்த நூலை அழைத்தார். விபத்து என்ற ஒன்றைத் துப்பறியும் கதை ஏற்பதில்லை என்பதுதான் அவருடைய சண்டை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோடநாட்டின் உண்மையான சிக்கல் தெரிகிறது. சங்கிலி நம் கற்பனையாக இருக்கலாம். அல்லது சங்கிலி நிஜமாக இருந்து ஒருபோதும் நிரூபிக்கப்படாமல் போகலாம். இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஆத்தூர்ச் சாலையையும் பாலக்காட்டுச் சாலையையும் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்க வேண்டிய அவசியமில்லை. போலீசுக்குச் சந்தேகம் தொழில். அவர்கள் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். ஆனால் அவர்கள் சந்தேகம் சாட்சியின் முன்னால் நின்றாக வேண்டும், குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். நாவலாசிரியனின் சந்தேகத்துக்கு அந்தச் சோதனை இல்லை. அழகாக இருந்தால் போதும்.

உன் நிதானம் குற்றவாளிக்குத்தான் உதவும் என்றார் கவிஞர். லேசில் தள்ளக்கூடிய ஆட்சேபம் அல்ல. காலம் குற்றவாளி பக்கம் நிற்கிறது என்பது உண்மை. ஒரு சின்ன உதாரணம். செல்பேசி நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளை ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதுதான் 2017இல் இருந்த உரிம விதி. 2021 டிசம்பரில்தான் அது இரண்டு வருஷமாயிற்று. சி.பி.சி.ஐ.டி. வழக்கை எடுத்துக்கொண்டது 2022இல். யார் யாருடன் எந்த இரவில் பேசினார்கள் என்பதை, வைத்திருக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லாத ஒரு தாளில் அவர்கள் தேட வேண்டியிருந்தது. விசாரணை நீள நீள அதற்கு வயசு மட்டும் ஆவதில்லை. அதன் கண்ணும் காதும் போய்விடுகின்றன. இதற்குக் கோபப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த விதி, அந்த வாய்தாக்கள், முதல் நான்கு வருஷங்கள். கதையின் ஓட்டையை இன்னும் நல்ல கதையால் அடைப்பதில் அந்தக் கோபம் செலவாகிவிடுகிறது. கவிஞருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் என்னை நாவலிலிருந்து விலக்கி வைப்பது இந்தத் தர்க்கம் மட்டுமில்லை. கதை எவ்வளவு பெரிதாக வளர்கிறதோ அவ்வளவுக்கு அதில் ஒரு ஆள் சின்னதாகிக்கொண்டே போகிறார். பங்களாவில் என்ன ஆவணம் இருந்தது, யார் அனுப்பினார்கள், யாருக்காக என்று கேள்வி மேலே மேலே போகப் போக, கேட்டில் கிடந்தவர் கீழே கீழே போகிறார். கொலை என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே சாவு அவருடையது. அதைப் பற்றித்தான் எவருக்கும் ஸ்வாரஸ்யம் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்த பாக்கெட் நாவல் வரை நம் துப்பறியும் கதையில் முதல் அத்தியாயப் பிணத்துக்கு ஒரு வேலைதான்: கதையைத் தொடங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. இவரும் அப்படி ஒதுங்கிவிட்டார். காட்சிமுனைக்குப் போகும் டாக்சிக்காரர்கள் வழியில் எஸ்டேட் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டி, "இதுதான் அது" என்கிறார்கள். பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு முனைக்குப் போய் மாயாறும் தெங்குமரஹாடாவும் ரங்கசாமி மலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். யார் செத்தது என்று அவர்களில் ஒருவர் கேட்டதாக எந்த டாக்சிக்காரரும் என்னிடம் சொன்னதில்லை.

கூர்க்கா என்கிறோம். அது நேபாளத்தில் ஒரு ஊரின் பெயர். ஊரின் பெயர் ஒரு ராஜ்யத்தின் பெயராகி, பட்டாளத்தின் பெயராகி, தமிழில் வந்து ஒரு வேலையின் பெயராக முடிந்திருக்கிறது. 1950ஆம் வருஷத்து இந்திய நேபாள ஒப்பந்தத்தின் பலனாக அவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து இங்கே வேலை செய்யலாம். அதனால்தான் நம் தெருக்களில் விசிலும் தடியுமாக இத்தனை பேர். மலையில் பனி இறங்கும் டிசம்பர் ஜனவரி இரவுகளில் எஸ்டேட் கேட்டுகளில் தீச்சட்டியும் சாக்குமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் அவர்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம். நவீனத் தமிழ்க் கதையில் கூர்க்கா எத்தனை முறை வந்திருக்கிறார், கொச்சைத் தமிழ் பேசிச் சிரிக்க வைப்பதற்கு அல்லாமல்? எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

எங்கள் கிளைக்கு அவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப வருவார்கள். இந்திய நேபாளப் பணம் அனுப்பும் திட்டம் என்று ரிசர்வ் வங்கி 2008இல் கொண்டுவந்தது. ஒரு தடவைக்கு 50,000 ரூபாய் என்று இருந்த வரம்பு 2021இல் இரண்டு லட்சமாக உயர்ந்தது. வேறொரு எஸ்டேட்டில் காவல் இருக்கும் ஒரு மனிதரிடம் இதை நான் சொன்னபோது அவர் பணிவாகத் தலையாட்டினார். அவர் அன்று அனுப்பியது ஆறாயிரம். படிவத்தில் பெறுபவர் பெயர் எழுத வேண்டும். என்ன உறவு என்று கேட்டேன். "அம்மா" என்றார். பிறகு, "அம்மா பேரில், ஆனால் பிள்ளைக்கு" என்றார். படிவத்தில் அதை எழுத இடமில்லை.

கொலையுண்டவருக்கும் இப்படி மாதாமாதம் ஏதோ ஒரு படிவத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடிய பெயர்கள் உண்டா, அந்த மாதம் பணம் வரவில்லை என்பதை முதலில் உணர்ந்தவர் யார் என்று யோசித்துப் பார்க்கலாம். எழுத உட்கார்ந்தால் நான் அதையும் இட்டுக்கட்டத்தான் வேண்டும். இட்டுக்கட்டினால், ஆவணங்களும் அரண்மனைச் சதியுமாக எழுதுகிறவரிடமிருந்து எனக்கு என்ன வித்தியாசம்? அவர் இருட்டில் ஒரு கையை வைக்கிறார். நான் தூர தேசத்தில் ஒரு அழுகையை வைக்கிறேன். இரக்கமும் பதிவுகளை ஒன்றோடொன்று அடித்துவிடக்கூடியதுதான். இதனால்தான் நாவல் எழுதச் சொன்ன நால்வருக்கும் இந்தக் கட்டுரையைப் பதிலாகத் தருகிறேன்.

இதனால் மௌனம்தான் வழி என்று நான் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவில், தேதியோடு, தொகையோடு, பிறர் கணக்கோடு கலக்காமல் எழுதி வைப்பது என்று ஒரு எழுத்து உண்டு. தமிழில் அதற்கு மரியாதை குறைவு. ஐந்து மரணங்களுக்கு ஐந்து பக்கங்கள். இரண்டு பக்கங்களுக்கு இடையே சம்பந்தம் நிரூபணமாகும் நாளில் அதை எழுதிக்கொள்ள இடம் விட்டு வைக்கலாம். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் அதில் தனிப் பக்கம் இருக்க வேண்டும். கதையில் அவள் யாரோ ஒருவருடைய மகளாக, யாருக்கோ விடப்பட்ட எச்சரிக்கையாக மட்டும் வந்து போகிறாள்.

பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புத் தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியிலுள்ள ஒரு நிதிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது 2014இலிருந்து நடைமுறை. பலர் அத்தோடு பணம் போயிற்று என்று நினைக்கிறார்கள். போவதில்லை. பதினைந்து வருஷம் கழித்து வாரிசு வந்து நின்றாலும் கொடுத்தாக வேண்டும். கொலைக்கும் நம் சட்டத்தில் காலாவதி கிடையாது. 2027 ஏப்ரலோடு அந்த இரவுக்குப் பத்து வருஷம் ஆகிறது. அப்போது பத்திரிகைகள் மறுபடி ஒரு தொடர் எழுதும். ஸ்படிகக் காண்டாமிருகம் மறுபடி வரும். முதல் பக்கத்தில் காவலாளியின் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் நான் பார்ப்பேன்.